பார்க்கப்படாமல் அறியப்பட ஓர் இடம்

"கடவுளுக்கு உன்னைப் பற்றி எல்லாம் தெரியும்." இளைஞர் ஒன்றுகூடல், தவக்காலத் தியானம், மறைக்கல்வி வகுப்பு என்று எங்கே போனாலும் இந்தக் கதையைக் கேட்காமல் திரும்பி வரமுடியாது. கூடவே 139ஆம் சங்கீதமும் வரும். கத்தோலிக்கர் திருப்பாடல் என்பார்கள், மற்றச் சபைகள் சங்கீதம் என்பார்கள், பாட்டு ஒன்றுதான். பாடுகிறவர் இருப்பதும் எழும்புவதும், நினைப்பதும், சொல்ல வருவதும் எல்லாமே கடவுளுக்குத் தெரிந்திருக்கிறது. வானத்துக்குப் போனாலும், பாதாளத்துக்குப் போனாலும், கடலின் மற்றக் கரைக்கே போனாலும் தப்ப ஏலாது என்கிறார். இதை வாசித்த பிறகு ஒரு பிரசங்கம், கிற்றாரோடு ஒரு பாட்டு, கண்ணை மூடி ஒரு செபம். அவ்வளவுதான்.

சொல்கிற ஆக்கள் இதை ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். கேட்கிற எங்களில் கனபேருக்கு அது ஆறுதலாகக் கேட்பதில்லை. "உன்னைப் பற்றி எல்லாம் தெரியும்" என்ற வசனத்தை இந்த நாட்டில், முக்கியமாக வடக்கு கிழக்கில், நாங்கள் வேறு ஆக்களிடமிருந்து கேட்டுப் பழகியிருக்கிறோம்.

எங்கட அம்மா அப்பாமாரின் காலத்தில் ஒருவரை "அறிவது" எப்படி நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். சுற்றிவளைப்பு நடக்கும். ஊர்ச் சனத்தை மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். முகத்தை மூடிய ஒரு தலையாட்டி முன்னால் இருப்பார். அவர் தலை ஆட்டினால் அந்த ஆள் போய்விட்டார். அவருக்கு உங்களைத் தெரியும், உங்களுக்கு அவரைத் தெரியாது. அடையாள அட்டை, சோதனைச் சாவடி, வீட்டில் எத்தனை பேர் என்ற பதிவு, 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து இன்றுவரைக்கும் எங்களை விட்டுப் போகாத பயங்கரவாதத் தடைச் சட்டம் என்று எல்லாமே மனிதரைத் தெரிந்துவைத்திருக்கும் வழிகள்தான். தெரிந்துவைத்திருப்பவரிடம் அன்பு இருந்ததாக ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

போர் முடிந்த பிறகும் இது முடியவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்த பிறகு, கோயில் வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போனோம். அந்த வருடம் நல்லூர்த் திருவிழாவிலும் பக்தர்களைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். காரணம் விளங்குகிறது. ஆனாலும் கடவுள் தன்னை ஆராய்ந்து அறிந்திருப்பதாகச் சொல்லித் தொடங்குகிற ஒரு பாட்டை, வாசலில் இப்பத்தான் ஆராயப்பட்டு உள்ளே வந்து இருக்கிற ஒருவர் எந்த மனநிலையில் கேட்பார்?

அரசாங்கத்தை விடுங்கள். ஊரும் சும்மா இல்லை. எந்தப் பிள்ளை எந்த பஸ்ஸில் யாரோடு வந்தது என்று அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து சேர முதலே வீட்டில் தெரிந்திருக்கும். போனின் கடவுச்சொல்லை அண்ணாவிடம் கொடுக்க வேண்டிய தங்கச்சிமார் இருக்கிறார்கள். கம்பஸுக்கு வந்தால் முதல் கிழமையே சீனியர்மாருக்குப் பெயர், ஊர், பள்ளிக்கூடம், காதல் எல்லாம் ஒப்புவிக்க வேணும். அதற்கு "அறிமுகம்" என்று பெயர். அறிமுகம் என்ற வடிவான சொல்லையே பயமுறுத்தும் சொல்லாக மாற்றி வைத்திருக்கிறோம்.

இப்படி வளர்ந்த ஒருவருக்கு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிற கடவுள் இன்னொரு பெரிய கமராவாகத் தெரிந்தால் அது அவருடைய விசுவாசக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. பாடலுக்குள்ளேயே இந்தப் பயம் இருக்கிறது. எங்கே ஓடுவேன், எங்கே ஒளிப்பேன் என்று கேட்கிறவர் முதல் நிமிடத்திலேயே நிம்மதியாக இருக்கிறவர் மாதிரித் தெரியவில்லை. முன்னாலும் பின்னாலும் தன்னை வளைத்து நிற்கிறார் என்கிறார். சுற்றிவளைப்பு என்ற சொல்லைத் தெரிந்த எங்களுக்கு அந்த இடத்தில் ஒரு கணம் மூச்சு நிற்கும்.

ஆனால் அதே பாட்டு அந்தப் பயத்தில் நின்றுவிடுவதில்லை. கவனித்துப் பார்த்தால், கடவுள் தன்னை அறிந்திருக்கிறார் என்று சொல்ல அந்தக் கவிஞர் கையைத்தான் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார். தன்மீது வைக்கப்பட்ட கை, கடலின் எல்லையிலும் பிடித்து நடத்துகிற கை, தாயின் வயிற்றில் தன்னைப் பின்னி எடுத்த கை. கண் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, அதுவும் இன்னும் உருவமே முழுதாக வராத கருவைப் பார்க்கிற கண். இருட்டும் வருகிறது. அந்த இருட்டில் தேடுதல் விளக்கு அடிக்கிறதில்லை. இருட்டும் பகலும் அவருக்கு ஒன்றுதான் என்று மட்டும் சொல்லப்படுகிறது. பார்வையால் தெரிந்துகொள்கிற ஒருவரிடமிருந்து, தொட்டுத் தெரிந்துகொள்கிற ஒருவரிடம் அந்தப் பாட்டு எங்களைக் கொண்டுபோகிறது.

அதனால்தான் இந்தப் பாட்டை வெறும் வாயால் வாசித்து விளக்கி முடிக்கிறது போதாது என்று நினைக்கிறேன். சொல் நாக்குக்கு வர முதலே தெரிந்திருக்கிற ஒருவரைப் பற்றி, நாங்கள் சொல்லுக்கு மேல் சொல்லாகக் கதைத்துக்கொண்டிருக்கிறோம். தொடுகை, மணம், இருட்டு, மண், தண்ணீர், மௌனம் எல்லாம் சேர்ந்த ஒரு வழிபாடு எங்கட வயதுக்காரருக்கு வேணும். அதோடு இன்னொரு நிபந்தனையும் வேணும். அங்கே ஒருவரும் ஒருவரையும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

இரண்டாவதைச் சொல்லக் காரணம், இப்ப நடக்கிற இளைஞர் வழிபாடுகளின் அமைப்பு. முன்னால் மேடை. மேடையில் ஸ்பீக்கர், டிரம்ஸ், புரொஜெக்டர், கலர் லைட். ஒரு மூலையில் பேஸ்புக் லைவுக்கு ஸ்டாண்டில் போன். 2020 கொரோனாக் காலத்தில் தேவைக்காக வந்த லைவ், கொரோனா போன பிறகும் போகவில்லை. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது கமரா யாருடைய கண்ணில் கண்ணீர் என்று தேடும். பிறகு சாட்சி சொல்ல அழைப்பார்கள். மைக்கைப் பிடித்து வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லத் தெரிந்தவர் கடவுளால் தொடப்பட்டவராக இருப்பார். சொல்ல ஏலாதவர், சொல்லப் பயப்படுகிறவர், சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர் கதிரையில் இருந்து கை தட்டுவார். ஐந்து புலன்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் கண்ணும் காதும்தான் வேலை செய்கின்றன, மிச்சமெல்லாம் பார்வையாளர்களாக இருக்கின்றன.

"புலன்களால் வழிபாடு" என்று கதைத்தால் உடனே வரும் எதிர்ப்பு, அது வெளிநாட்டுப் பாஷன் என்பது. எனக்கு இது சிரிப்பாக இருக்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விடியக் காலமை வீதிக்குப் போய்ப் பாருங்கள். ஆண்கள் ஈர வேட்டியோடு மணலில் உருண்டு பிரதட்டை செய்வார்கள், பெண்கள் அடி அழித்து வருவார்கள். அங்கே ஒருவரும் தன்னுடைய கதையை ஒருவருக்கும் சொல்வதில்லை. என்ன நேர்த்தி, என்ன துன்பம் என்று பக்கத்தில் உருளுகிறவருக்கும் தெரியாது. உடம்பு முழுக்க மண்ணாக இருக்கும், உள்ளுக்குள் இருப்பது கடவுளுக்கும் அந்த ஆளுக்கும் மட்டும்தான்.

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் சொல்லாமல் பூசை செய்வார். கதிர்காமத்தில் கப்புறாளைமாரும் வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசை செய்கிறார்கள், அதுவும் திரைக்குப் பின்னால். மூலஸ்தானம் ஒருவருக்கும் திறந்து காட்டப்படுவதில்லை. இந்தத் தீவின் பேர்பெற்ற இரண்டு முருகன் தலங்களில் மையமாக இருப்பது மௌனமும் மறைவும். இதைவிட என்ன "கிரியேட்டிவ்" வேணும்?

கிறிஸ்தவப் பக்கமும் குறைவில்லை. திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல், குருத்து ஞாயிறன்று கையில் ஓலை, பெரிய வெள்ளியன்று முழந்தாளில் போய்ச் சிலுவையை முத்தமிடுவது, உயிர்ப்புத் திருவிழிப்பில் இருட்டுக்குள் ஒரு திரியிலிருந்து மற்றத் திரிக்குப் போகிற நெருப்பு. 1705இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியின் வியாகுலப் பிரசங்கத்தை இன்றும் தவக்காலத்தில் ஒப்பாரி இராகத்தில் பாடுகிறார்கள். மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் கூத்தையும் பாஸ்குவையும் வைத்து ஒரு தலைமுறைக்கு வேதாகமத்தை உடம்பால் படிப்பித்தது. போர் நடந்த காலத்திலும் அந்த மேடை ஏறியது.

1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனின் வழியில் வந்த சபைகள் இதில் கொஞ்சம் வேறு. வாசிப்பு, அச்சு, பள்ளிக்கூடம், பிரசங்கம் என்று சொல்லை மையமாக வைத்த மரபு அது. 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1841இல் உதயதாரகைப் பத்திரிகை என்று அந்த மரபு எங்களுக்குத் தந்தவை கொஞ்சமில்லை. நான் எழுதுகிற தமிழ் உரைநடைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் சொல்லை உயர்த்தியபோது உடம்பைச் சந்தேகிக்கிற பழக்கமும் சேர்ந்து வந்தது. திருநீறு, மாலை, கற்பூரம், தரையில் விழுதல் எல்லாம் "அவையள் செய்யிறது" ஆகிவிட்டன. கோயிலுக்குள் கதிரையில் இருந்து கேட்பது மட்டும் எங்கட வழிபாடு ஆகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்தது எது என்று தேடினால் அந்தக் கதிரைதான் கிடைக்கும்.

பழைய கத்தோலிக்கக் கோயில்களில் இருக்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். 16ஆம் நூற்றாண்டில் மிலான் ஆயர் கார்லோ பொரோமேயோ பரவலாக்கிய அமைப்பு அது. நடுவில் பலகை, அதில் சின்னச் சின்ன ஓட்டைகள். குரல் போகும், முகம் தெரியாது. முக்கியமாகப் பெண்களின் பாதுகாப்புக்கும் மரியாதைக்கும்தான் அந்தத் தடுப்பு வந்தது. தன்னை முழுதாகச் சொல்ல வேண்டிய இடத்தில், தன் முகத்தை மறைக்கிற உரிமையும் வேணும் என்று 400 வருடத்துக்கு மேல் முதலே விளங்கியிருக்கிறது. இப்ப சில இடங்களில் மண்டபத்தின் நடுவில் இரண்டு கதிரையைப் போட்டு, எல்லாரும் பார்க்கப் பாவசங்கீர்த்தனம் நடக்கிறது. நவீனமாம்.

வெளிநாட்டு முயற்சிகளையும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளத் தேவையில்லை. பிரான்சில் சார்த்தர் பேராலயத்தின் தரையில் 13ஆம் நூற்றாண்டில் பதித்த ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. கிட்டத்தட்ட 13 மீற்றர் விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் 260 மீற்றருக்கு மேல் நடக்க வைக்கிற ஒற்றைப் பாதை. வழி தவற ஏலாது, முட்டுச் சந்து இல்லை. நடந்துகொண்டே இருந்தால் நடுவுக்கு வந்துவிடலாம். 2000ஆம் ஆண்டு லண்டன் புனித பவுல் பேராலயத்தில் சில இளைஞர் குழுக்கள் இந்தப் பழைய யோசனையை எடுத்து, துணியில் பாதை வரைந்து, காதில் ஹெட்போனோடு ஒவ்வொருவராக நடக்கவிட்டார்கள். இடையிடையே நின்று செய்ய ஏதாவது இருக்கும், கல்லைத் தண்ணீரில் போடுகிறது மாதிரி. அதே பிரான்சில், சகோதரர் ரோஜர் 1940இல் தொடங்கிய தேசே சமூகத்துக்கு ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் போகிறார்கள். தரையில் இருந்து, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, பிறகு நீண்ட மௌனம். பொதுச் செபத்தில் பிரசங்கம் இல்லை. இந்த இரண்டிலும் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். கூட்டமாக இருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தன்னுடைய வேகத்தில், தன்னோடு இருக்கிறார்கள். மற்றவருக்கு நடித்துக் காட்ட ஒன்றும் இல்லை.

எதிர்ப்பக்கத்து உதாரணத்தையும் சொல்லத்தான் வேணும், இல்லாவிட்டால் இது விளம்பரமாகிவிடும். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்தில் 1986இல் "ஒன்பது மணி ஆராதனை" என்று ஒன்று தொடங்கியது. ஆங்கிலிக்கன் திருச்சபைக்குள்தான். கிளப் இசை, ஒளி, பெரிய திரைகள், நடனம் என்று அந்தக் காலத்தில் புலன்களை அவ்வளவு பயன்படுத்திய வழிபாடு வேறு இல்லை என்று சொல்லலாம். நூற்றுக்கணக்கான இளைஞர்கள் போனார்கள். திருச்சபைத் தலைமையும் பெருமைப்பட்டது. 1995இல் அது மூடப்பட்டது. அதை நடத்தியவர் தன்னைச் சுற்றியிருந்த இளம்பெண்களைத் துஷ்பிரயோகம் செய்திருந்தார். அது நடந்து முப்பது வருடம் போன பிறகு, 2025இல் லண்டன் நீதிமன்றம் ஒன்று அவரைப் பல குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று கண்டது.

இது "லைட் போட்டால் இப்படித்தான்" என்று சொல்கிற ஆக்களுக்கு வசதியான கதை. கையில் வேதாகமம் மட்டும் வைத்திருந்த ஆக்களும் இதையே செய்திருக்கிறார்கள் என்பதால் அந்த வாதம் நிற்காது. ஆனால் பாடம் உண்மை. இசையும் இருட்டும் மணமும் மனிதரைத் திறந்துவிடும். திறந்திருக்கிற மனிதரைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவர், உன்னை எனக்குத் தெரியும் என்று சொல்லத் தொடங்குவார். கடவுளுக்கு மட்டும் உரிய அந்த அறிவை ஒரு தலைவர் எடுத்துக்கொள்கிற இடத்தில்தான் எல்லாம் பிழைக்கிறது. ஆகவே எவ்வளவு சுகமான அனுபவம் கிடைத்தது என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. அந்த நேரம் யார் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் முதல் கேள்வி.

சரி, அப்படியானால் எப்படிச் செய்யலாம்? என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. பெரிய செலவு இல்லை. 139ஆம் சங்கீதத்தை வைத்து ஒரு பின்னேரம். பங்கு மண்டபம் ஒன்று, மைக் இல்லை, மேடை இல்லை. வாசலில் ஒரு கடகம், எல்லாரும் போனை அதில் போடவேணும், நடத்துகிற ஆக்களும்தான். பாடலின் ஒரு பகுதியை ஒருவர் மெதுவாக ஒருக்கால் வாசித்தால் போதும். பிறகு மண்டபத்தில் நாலைந்து இடங்கள். யாரும் எங்கேயும் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

ஓரிடத்தில் சார்வோலை. இழைக்கத் தெரிந்த ஒரு பாட்டி இருந்தால் இன்னும் நல்லது. தாயின் வயிற்றில் பின்னப்பட்டதாகச் சொல்கிற பாட்டுக்கு, ஓலையை ஒன்று மாறி ஒன்று மேலும் கீழுமாக இழைத்துப் பார்ப்பதை விட நல்ல விளக்கவுரை எனக்குத் தெரியாது. ஒரு இழை விட்டால் பெட்டி கோணும். கை கவனமாக இருக்கவேணும் என்பது விரலுக்கு விளங்கும்.

இன்னொரு இடத்தில் ஒரு சின்னப் பனம்பாத்தி. பாட்டில் பூமியின் ஆழத்தில் உருவாக்கப்படுவதும் வருகிறது. பனங்கொட்டையை மண்ணுக்குள் அடுக்கி மூடிவிட்டு மாதக்கணக்கில் விட்டுவிடுகிற எங்களுக்கு அது விளங்காத உவமை இல்லை. ஒருவரும் பார்க்காத இடத்தில்தான் கிழங்கு வைக்கும். கொத்திக் கொத்தித் திறந்து பார்த்தால் பழுதாகிவிடும். கையை மண்ணுக்குள் விட்டு ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டு போகலாம்.

மூன்றாவது, தட்டில் மணல். ஏடு தொடக்கும்போது எழுத்துத் தெரியாத பிள்ளையின் விரலைப் பிடித்துப் பெரியவர் ஒருவர் அரிசியில் எழுதுவிப்பாரே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை மணலில் எழுதலாம். எழுதிய பிறகு உள்ளங்கையால் அழித்துவிட வேணும். அடுத்தவர் வரும்போது தட்டு வெறுமையாக இருக்கும். எழுதப்பட்டது, அறியப்பட்டது, ஆனால் ஒரு கோப்பிலும் பதியப்படவில்லை.

நாலாவது இடம் கோபத்துக்கு. அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியில், 19 முதல் 22 வரையான வசனங்களில், கொடியவரைக் கொன்றுவிடும்படி கடவுளிடம் கேட்கிறார் கவிஞர். எதிரிகளை வெறுக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். கத்தோலிக்கத் துறவிகளும் குருக்களும் நாளாந்தம் சொல்கிற செபநூலில் இந்த நாலு வசனங்களும் விடப்பட்டிருக்கின்றன. பிரசங்கங்களிலும் விட்டுவிடுவார்கள். ஆனால் முழுதாக அறியப்படுவது என்றால் இதுவும் அறியப்படவேணும் அல்லவா? எங்கட ஆக்களுக்குள் எவ்வளவு கோபம் இருக்கிறது என்று கடவுளுக்குத் தெரியாமலா இருக்கும்? அதனால் அங்கே உடைந்த ஓட்டுத் துண்டுகள், ஒரு கரித்துண்டு, வெளியில் ஒரு கல். எழுதிப்போட்டு எறிந்து உடைக்கலாம். கோயில் வீதியில் சிதறு தேங்காய் உடைத்த ஒருவருக்கு அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியாக ஒரு விதி. முடிந்த பிறகு வட்டமாக இருந்து "பகிர்வோமா" என்று ஒருவரும் கேட்கக் கூடாது. "உனக்கு என்ன தோன்றியது?" என்று வாசலில் நின்று விசாரிக்கக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. அடுத்தநாள் பேஸ்புக்கில் போட ஒன்றும் இருக்காது, இப்படி ஒன்று நடந்ததே கனபேருக்குத் தெரியாமல் போகும். அது பரவாயில்லை.

இதற்கு வரும் எதிர்ப்புகளில் "நேர்சரிப் பிள்ளைகள் மாதிரி மண் விளையாடுவதா?" என்பதற்குப் பதில் சொல்வது சுகம். சைகையில் கதைக்கிற ஒருவருக்கும், பார்வை இல்லாத ஒருவருக்கும், வாசிக்கத் தெரியாத ஒரு அப்பாச்சிக்கும் எங்கட புரொஜெக்டர் வழிபாட்டில் என்ன பங்கு என்று திருப்பிக் கேட்டால் போதும். போரில் கண்ணையும் காதையும் இழந்தவர்கள் இருக்கிற நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதுதான் விளையாட்டு.

ஆனால் ஒரு எதிர்ப்பு பாரமானது. புலன்கள் நல்லதை மட்டும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. எங்கட வயதுக்காரரில் சிலர் 2009இல் பங்கருக்குள் இருந்த சின்னப்பிள்ளைகள். அவர்களுக்கு இருட்டு என்றால் வேறு, மண் வாசம் என்றால் வேறு, ஓடு உடைகிற சத்தம் என்றால் இன்னும் வேறு. மேற்கத்தேயப் புத்தகத்தைப் பார்த்து "லைட்டை நிற்பாட்டி, மண்ணைத் தொட்டு, அமைதியை உணருங்கள்" என்று சொல்கிறவர் இதை யோசித்திருக்க மாட்டார். அதனால்தான் போகாமலும் இருக்கலாம் என்று சொன்னேன். கதவு திறந்திருக்கவேணும். முற்றாக இருட்டாக்கக் கூடாது. உடைக்கிற இடம் வெளியில், தூரத்தில் இருக்கவேணும். உளவளத்துணை தெரிந்த ஒருவர் வெளியில் இருக்கவேணும், தேடி வந்தால் மட்டும் கதைக்க.

அதற்காகப் புலன்களை முழுதாக விட்டுவிடவும் ஏலாது. ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் முள்ளிவாய்க்கால் கஞ்சி குடிக்கிறோம். அரிசி, தண்ணீர், உப்பு. அந்தச் சுவையில் இருப்பது எந்தப் பிரசங்கத்திலும் இல்லை. 2024இல் சம்பூரில் அந்தக் கஞ்சியைக் கொடுத்த பெண்களைப் பொலிஸ் கைதுசெய்தது என்றால், ஒரு கோப்பைக் கஞ்சிக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. உடம்பால் ஞாபகம் வைப்பது எங்களுக்குப் புதிதில்லை. அதைக் கோயிலுக்குள் கொண்டுவரத்தான் தயங்குகிறோம்.

"பிள்ளைகள் ஒன்றும் சொல்லாவிட்டால் நாங்கள் எப்படி உதவி செய்வது?" என்று அக்கறையான சுவாமிமாரும் போதகர்மாரும் அக்காமாரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சொல்ல வைத்த ஒருவரிடம் நாங்கள் திரும்பப் போவதில்லை, சொல்லாமல் இருக்கவிட்ட ஒருவரிடம் ஒருநாள் நாங்களே போய்ச் சொல்லுவோம் என்பதுதான் என்ர பதில். பாட்டும் அப்படித்தான் நகர்கிறது. தொடக்கத்தில் ஆராயப்பட்டவர், கடைசி இரண்டு வசனங்களில் என்னை ஆராய்ந்து பாரும் என்று தானே கேட்கிறார். இடையில் ஒருவரும் அவரை விசாரிக்கவில்லை.

வருகிற தவக்காலத்தில் உங்கட பங்கிலோ சபையிலோ ஒரு பின்னேரம் மண்டபத்தைக் கேட்டுப் பாருங்கள். மைக் வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்பார்கள். ஓலையும் மணலும் பனங்கிழங்கும் வைக்க என்று சொன்னால் ஒருமாதிரிப் பார்ப்பார்கள், ஆனால் திறப்பைத் தருவார்கள்.